கொக்கின் வெயில் உடுப்பு

வலைப் படகில் பொத்தான் ஏறக்கூடாது. மோதிரம், வளையல், சட்டைப் பை, ஜிப்பு எதுவும் ஏறக்கூடாது. வலையின் கண்ணி ஒரு பொத்தானில் மாட்டிக்கொண்டால் போதும், ஈர வலையின் கனம் ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். ஆகவே கொக்கும் அவளுடைய நாத்தனாரும் பழைய ஆண் சட்டைகளின் பொத்தான்களை அறுத்துவிட்டு, முன்பக்கத்தைச் சேர்த்துத் தைத்து, தலைவழியே மாட்டிக்கொண்டு கடலுக்குப் போவார்கள். கையை முழங்கைக்கு மேல் வெட்டிவிடுவார்கள். பதினாறு வருடமாக அவர்கள் அறிந்த கடல் உடுப்பு அதுதான்.

கொக்கு என்பது படகுத்துறையில் வைத்த பெயர். ஆள் நெட்டை, கழுத்தும் நீளம். படகின் முன்முனையில் ஒரு காலை மடக்கி நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பாள். பெயர் வைத்தவர் யாரோ, கண் உள்ளவர். பின்னால் இன்ஜினைப் பிடிப்பவள் நாத்தனார். கணவரின் தங்கை, நாற்பது வயது, ஆள் குள்ளம், வாய் நீளம்.

முதல் நாள் மாலை போட்ட வலையை மறுநாள் காலையில் எடுப்பதுதான் அவர்கள் தொழில். கொக்கு இரண்டு கையாலும் வலையை இழுக்க இழுக்க, நாத்தனார் படகை வலை கிடக்கும் திசையில் மெல்ல மெல்ல முன்னே விட வேண்டும். வேகம் கொஞ்சம் கூடினாலும் வலை படகுக்கு அடியில் புகுந்து இன்ஜின் விசிறியில் சுற்றிக்கொள்ளும். இரைச்சலில் பேச்சு எடுபடாது. கை இரண்டும் வலையில் இருக்கும். அதனால் கொக்கு முகத்தால் பேசுவாள். உதட்டைக் குவித்து ஒரு பக்கம் நீட்டினால் அந்தப் பக்கம் திருப்பு. தாடையைத் தூக்கினால் முன்னே. கண்ணை இறுக்கி மூடினால் நிறுத்து. இதற்கு நடுவில் மற்றப் படகுக்காரர்களைப் பற்றிய வம்பையும் மூக்கைச் சுருக்கியே சொல்லி முடித்துவிடுவாளாம்.

நாற்பத்தாறாவது வயதில் கொக்குக்கு வெயில் ஆகாமல் போயிற்று.

கன்னத்திலும் மூக்குத் தண்டிலும் தடிப்பு வந்தது. விரல் மூட்டுகள் வீங்கின. காய்ச்சல் விட்டு விட்டு அடித்தது. உப்புத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவளே முடிவு கட்டி, எண்ணெய் தடவிக்கொண்டு ஆறு மாதம் ஓட்டினாள். கால் வீங்கிச் செருப்பு நுழையாமல் போனபோதுதான் மருத்துவமனைக்குப் போனார்கள். லூபஸ் என்றார்கள். உடம்பின் காவல் படை சொந்த உடம்பையே எதிரி என்று நினைத்து அடிக்கும் நோய் அது. அவளுக்கு அடி சிறுநீரகத்தில் விழுந்திருந்தது. வெயில் பட்டால் அந்தப் படைக்கு வெறி கூடும்.

பத்தொன்பது நாள் வார்டில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். மாத்திரைகளைப் பிரித்துக் கொடுக்கவும், ரத்த அழுத்தமும் எடையும் பார்த்து எழுதவும், மூட்டுகளுக்குப் பயிற்சி கொடுக்கவும் வாரம் மூன்று நாள் நான் போனேன். நான் பராமரிப்புப் பணிக்குப் படித்தவள், நர்ஸ் இல்லை. அந்த வீட்டில் முதல் நாளே சிஸ்டரம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு தடவை திருத்திவிட்டு விட்டுவிட்டேன்.

டாக்டரிடம் கொக்கு கேட்டது ஒரே கேள்வி, கடலுக்குப் போகலாமா என்று. டாக்டர் நேர்மையானவர். முதல் மாதம் வீடு என்றார். பிறகு போவதானால் தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு போக வேண்டும், காலை பத்து மணிக்குள் கரையில் இருக்க வேண்டும், மாலையில் வலை போடும் வேலையை நாத்தனார் வேறு யாரையாவது வைத்துக்கொண்டு பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று மாதத்தில் பரிசோதனை. சிறுநீரில் போகும் புரதம் குறைந்திருந்தால் தொடரலாம். கூடியிருந்தால் கடல் அத்தோடு சரி.

ராத்திரியில் போகக்கூடாதா என்று கேட்காத ஆள் கிடையாது. இருட்டிய பிறகு படகுத்துறை வாசல் பெரிய படகுகள் போய் வரும் வழி. சின்னப் படகுகளுக்கு அனுமதி இல்லை.

ஆக, மூன்று மாதம். அதற்குள் வெயிலைக் கிட்டவிடாத ஓர் உடுப்பு வேண்டும்.

முதலில் இறங்கியவர் அவள் கணவர். அவர் டயர் பட்டறையில் வேலை செய்கிறார். கட்டிப் போட்ட படகில் உட்கார்ந்தாலே அவருக்கு வாந்தி வரும். அதனால் கடல் சம்பந்தமான பேச்சில் வீட்டில் அவருக்கு ஓட்டு இல்லை. எப்படியாவது ஒரு தடவையாவது உபயோகமாக இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. பெரிய கடைக்குப் போய், மீன்பிடிச் சட்டை என்று அச்சடித்த அட்டை தொங்கும் சட்டை ஒன்றை வாங்கி வந்தார். நல்ல துணிதான். ஆனால் மார்பில் நாலு பை, மடித்த கையை நிறுத்த ஒரு பட்டி, குறடு மாட்டிக்கொள்ள வளையம், முதுகில் காற்று வர ஒரு மடிப்பு. கொக்கு அதை மடியில் போட்டு விரலால் எண்ணினாள். பதினொரு பொத்தான், நாலு வளையம்.

"இது தூண்டிலைப் போட்டுட்டு நாற்காலியில உக்காந்திருக்கறவங்க சட்டை" என்றாள். "இதை மாட்டிக்கிட்டு வலை இழுத்தா, மீன் மேல வரும், நான் கீழ போவேன்."

"மீன் பிடிக்கறவங்க போடறதுன்னுதான் கடைக்காரன் சொன்னான்."

"அவன் எந்த மீனைப் பிடிச்சானாம்?"

மறுநாள் அந்தச் சட்டையை அவரே போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனார். சக்கரத்துத் திருகாணிகளைப் போட்டு வைக்க அந்தப் பைகள் மிகவும் வசதி என்று கேள்வி.

அடுத்த தப்பு என்னுடையது. வெயிலா, தளர்வான வெள்ளைப் பருத்தி போடு, கழுத்தில் ஈரத் துண்டு சுற்றிக்கொள் என்று வருடக் கணக்காக எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அவளுக்கும் அதையே சொன்னேன். முழுக்கை வைத்து, பொத்தான் இல்லாமல் இரண்டு சட்டை தைத்தாள். முதல் மாதம் முடிந்து கடலுக்குப் போனாள். குளுகுளுவென்று இருக்கிறது என்று நாத்தனாரே பொறாமைப்பட்டாள். ஒன்பதாம் நாள் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தபோது தோளிலும் பிடரியிலும் முன்கையிலும் தடிப்பு. முதுகின் நடுவில் ஒன்றும் இல்லை. எங்கே துணி நனைந்து ஒட்டியிருந்ததோ, சரியாக அங்கேதான் வந்திருந்தது.

அந்தச் சட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். காய்ந்த இடத்தில் பின்னால் வைத்த என் கை மங்கலாக ஒரு நிழல் போலத் தெரிந்தது. சொம்புத் தண்ணீரில் முக்கிப் பிடித்தேன். ஐந்து விரலையும் எண்ண முடிந்தது. மெல்லிய வெள்ளைப் பருத்தி நனைந்தால் வெயிலுக்கு அது திறந்த கதவு. குளிர்ச்சியாக இருந்தது உண்மை, காப்பாக இல்லை என்பதும் உண்மை. தப்பு என்னுடையது என்று சொன்னேன்.

"நீங்க படிச்சவங்கன்னு நம்பினோமே, சிஸ்டரம்மா" என்றாள் நாத்தனார்.

"படிச்சதுல இது வரல. இப்ப படிச்சுக்கறேன்."

ஒரு டார்ச்சும் சொம்பும் எடுத்துக்கொண்டு மூவருமாக ஒரு தையல்காரரிடம் போனோம். அவர் உடுப்பு தைப்பவர் இல்லை. கார் சீட்டு உறை, பள்ளிப் பை, படகு மூடும் படுதா இவைதான் அவர் தொழில். வெட்டு மேசைக்கு அடியில் எல்லா வகைத் துணியிலும் துண்டு வைத்திருப்பார் என்பதால் போனோம். ஒவ்வொரு துண்டாக எடுத்து டார்ச்சின் வாயில் வைத்தோம். பிறகு நனைத்து வைத்தோம். பிறகு இழுத்துப் பிடித்து வைத்தோம். இழுத்தால் விரியும் துணிகள் அந்த மூன்றாவது பரீட்சையில் தோற்றன. கண்ணாடி மாட்டிய மனிதர் நாங்கள் மேசையெல்லாம் தண்ணீர் சொட்டவிடுவதைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "துணி வாங்க வந்தீங்களா, துவைக்க வந்தீங்களா?" என்று கேட்டார்.

கடைசியில் தேறியது விளையாட்டு உடைகளுக்குப் போகும் ஒரு கரு நீலத் துணி. எடை இல்லை, இழை நெருக்கம், நனைந்தாலும் வெளிச்சம் கசியவில்லை, உதறினால் காய்ந்துவிடும். கறுப்பாக இருக்கிறதே, வெந்து போவேனே என்று கொக்கு பயந்தாள். தையல்காரர் யோசித்து, உடம்பில் ஒட்டாத அளவுக்குத் தொளதொளவென்று வெட்டி, வெயில் எட்டாத இடமான அக்குளுக்குக் கீழே மட்டும் காற்று போக வலைத்துணி வைத்தார். பொத்தான் இல்லை, பை இல்லை. கழுத்தில் எலாஸ்டிக். கை நீளம் விரல் அடி வரை, கட்டைவிரல் மட்டும் வெளியே வர ஓர் ஓட்டை. புறங்கை மூடியிருக்கும், விரல் நுனிகள் வெளியே இருக்கும். கையுறை போட்டுப் பார்க்காமல் இல்லை. ரப்பர் கையுறைக்குள் தண்ணீர் புகுந்து ஊறித் தோல் உரிந்தது. துணிக் கையுறை கண்ணியில் மாட்டியது. வலையில் மீன் எங்கே சிக்கியிருக்கிறது என்பது விரல் நுனிக்குத்தான் தெரியும், அதை மூட முடியாது. நுனிகளுக்கு வெயில் களிம்பு தடவிக்கொண்டு ஒரு நாள் போனாள். மீன் வாங்குகிறவர் மோந்து பார்த்துவிட்டு, மீனைக் குளிப்பாட்டிக் கொண்டு வந்தீர்களா என்று கேட்டாராம். அதன் பிறகு முகத்துக்கு மட்டும் வாசனை இல்லாத களிம்பு.

மிச்சம் இருந்தது தலை. அகல விளிம்புத் தொப்பி போட்டுக்கொண்டிருந்தாள். அப்படியும் தாடைக்குக் கீழேயும் மூக்கு ஓரத்திலும் தோல் சொரசொரவென்று ஆனது. எனக்கு இரண்டு நாள் புரியவில்லை. நாத்தனார்தான் சொன்னாள், தண்ணீர் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது, வெயில் கீழேயிருந்தும் வருகிறது என்று. தொப்பி மேலேயிருந்து வருவதை மட்டும்தான் தடுக்கும். விளிம்பின் அடிப்பக்கத்துக்குக் கறுப்புத் துணி வைத்தோம். கழுத்திலிருந்து கண்ணுக்குக் கீழே வரை ஏற்றிக்கொள்ளக் குழாய் போல ஒரு துணி. கண்ணுக்குப் பளபளப்பை வெட்டும் கறுப்புக் கண்ணாடி. அது யாரும் எதிர்பாராத லாபம். மேல் மினுக்கு போனதும் தண்ணீருக்குள் பாசி ஆடுவது வரை தெரிந்ததாம். நாத்தனார் அதைக் கடன் கேட்டு, திருப்பிக் கொடுக்க மறுத்து, தனக்கும் ஒன்று வாங்க வைத்தாள்.

எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு நடு அறையில் நின்றபோது கொக்கின் தோலில் விரல் நுனி தவிர ஓர் இடமும் வெளியே இல்லை. நான் சுற்றி வந்து பார்த்தேன். திருப்தியாக இருந்தது. கணவர், வங்கியைக் கொள்ளையடிக்கப் போகிறவள் மாதிரி இருக்கிறாய் என்றார். எங்கள் நாலு பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை, படகை ஓட்டுவதே அந்த முகம்தான் என்பது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வலை விசிறியில் போனது.

பாதி வலை எடுத்தாகிவிட்டது. கொக்கு கண்ணை மூடினாள், நிறுத்து என்று. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் மூடிய கண்ணை யார் பார்ப்பார்கள்? பதறித் திரும்பி, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். தாடையைத் தூக்குகிறாள், முன்னே போகச் சொல்கிறாள் என்று நினைத்து நாத்தனார் வேகத்தைக் கூட்டினாள். இன்ஜின் இருமி நின்றது. நாத்தனார் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கி, கத்தியால் வலையை அறுத்து எடுக்க இரண்டு மணி நேரம் பிடித்தது. கரை சேர்ந்தபோது பத்து மணி தாண்டி வெயில் ஏறியிருந்தது. கத்தி கிழித்த கட்டைவிரலில் மூன்று தையல் போட்டுக்கொண்டு நாத்தனார் நேராகக் கொக்கின் வீட்டுக்குத்தான் வந்தாள். நான் கொக்கின் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. வாசல் நிலையில் சாய்ந்துகொண்டாள்.

"பதினாறு வருஷமா நான் தண்ணியைப் பாத்து ஓட்டல, அண்ணி. உங்க மூஞ்சியைப் பாத்துதான் ஓட்டினேன். அதை மூடிட்டா நான் எங்க பாக்கறது?"

"நீ முன்னாடி நில்லு, நான் இன்ஜின் பிடிக்கறேன்."

"எனக்கு மீன் எங்க இருக்குன்னே தெரியாதே."

"அப்ப துணியை இறக்கிக்கறேன்."

"இறக்குங்க. மூணு மாசத்துல டாக்டர் உங்களைப் படுக்க வைப்பாரு. அதுக்கு நான் துணை வர மாட்டேன்."

அடுத்த நாளிலிருந்து நாத்தனார் வேறொரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனாள். மாலையில் வலை போட வருபவளையே காலையிலும் வைத்துக்கொண்டாள். வீட்டில் ஆளுக்கு ஆள் முகம் கொடுத்துப் பேசினார்கள், சண்டை என்று சொல்ல முடியாது. ஆனால் கொக்கு சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். நோயாளி சுவர்ப் பக்கம் திரும்பினால் நான் முதலில் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்ப்பேன். இரண்டு நாள் மாத்திரை அப்படியே இருந்தது.

"இது கடலுக்குப் போறதுக்கான மாத்திரை இல்ல" என்றேன். "உயிரோட இருக்கறதுக்கான மாத்திரை."

"எனக்கு ரெண்டும் வேற வேற இல்லையே, சிஸ்டரம்மா."

தண்ணீரை நீட்டினேன். விழுங்கினாள்.

அவள் படுத்திருந்த கட்டில் ஜன்னலை ஒட்டி இருந்தது. காலை வெயில் நேராக அவள் கால்மாட்டில் விழும். கண்ணாடி மூடியிருந்தாலும் வெயிலில் கெடுதல் செய்யும் பங்கு உள்ளே வரும். கட்டிலைப் பின் அறைக்கு மாற்றச் சொல்லி நான் இரண்டு வாரமாகக் கத்திக்கொண்டிருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை கணவருக்குப் பட்டறை விடுமுறை. மெத்தையை முதலில் எடுத்தார்கள். பழைய பஞ்சு மெத்தை, தூக்கினால் தொய்ந்து மடங்கும். முன்னால் கொக்கு, பின்னால் கணவர், நடுவில் மெத்தை நிமிர்ந்து நின்றது. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. தலையணைகளோடு நான் பின்னால் போனேன். தெருவில் யாரோ தண்ணீர் மோட்டாரைப் போட்டிருந்தார்கள், அந்தச் சத்தத்தில் பேசினாலும் கேட்காது.

நடைவழியில் ஒரு திருப்பம் இருக்கிறது, அங்கே ஒரு அலமாரியும் இருக்கிறது. திருப்பத்தில் கொக்கு மெத்தையைப் பிடித்தபடியே இடது முழங்கையை மெத்தைக்கு மேலே தெரியக் காது வரை தூக்கினாள். கணவர் இடது பக்கம் ஒதுங்கினார். இரண்டு முழங்கையையும் தூக்கினாள். நின்றார். அலமாரியைத் தாண்டியதும் முழங்கைகள் இறங்கின. அவர் நடந்தார்.

பின் அறைக்கு வந்து மெத்தையைச் சாய்த்துவிட்டுக் கொக்கு அவரைப் பார்த்தாள்.

"நான் சொன்னது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"என்ன சொன்னே?"

"நில்லுன்னு."

"முழங்கை ரெண்டும் மேல போச்சு, நின்னேன். இதுக்கு என்ன பெரிய படிப்பா?" என்றார் அவர். பதினாறு வருடமாகக் கடல் விஷயத்தில் வாய் திறக்க முடியாமல் இருந்த மனிதர்.

அவள் கட்டிலை மாற்றும் வரை கூட இருக்கவில்லை. தொப்பியும் குழாய்த் துணியும் மாட்டிக்கொண்டு நாலு வீடு தள்ளியிருந்த நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டாள். கட்டிலை அவரும் நானும்தான் தள்ளினோம்.

நாத்தனார் முதலில் சிரித்தாள். கோழி இறக்கை அடிக்கிற மாதிரி இருக்கிறது, படகுத்துறையே கூடி வேடிக்கை பார்க்கும் என்றாள். பிறகு, வலை இழுக்கும்போது முழங்கை தானாகவே ஆடுமே, எது இழுப்பு எது பேச்சு என்று எப்படிப் பிரிப்பது என்று கேட்டாள். கேள்வி கேட்டாள் என்றால் பாதி ஒப்புக்கொண்டாள் என்று அர்த்தம். கொக்கு ஒரு போர்வையை வலையாகப் பிடித்து இழுத்துக் காட்டினாள். இழுக்கும்போது முழங்கை இடுப்பைத் தாண்டி மேலே வரவில்லை. காதுக்கு வந்தால்தான் பேச்சு என்று முடிவாயிற்று. தையல்காரர் இடது முழங்கையில் சிவப்புப் பட்டையும் வலது முழங்கையில் மஞ்சள் பட்டையும் வைத்துத் தைத்துக் கொடுத்தார்.

ஒரு வாரம் கரையில் பழகினார்கள். படகுக் கொட்டகையின் நிழலில் நாத்தனார் ஐஸ் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொள்வாள். கொக்கு முழு உடுப்போடு முன்னால் நடந்து போர்வையை இழுப்பாள். சிவப்பு எழுந்தால் இடது. மஞ்சள் எழுந்தால் வலது. இரண்டும் எழுந்தால் நிறுத்து. தோளைக் குலுக்கினால் முன்னே. முதல் நாள் தள்ளுவண்டி கொக்கின் குதிகாலில் மூன்று தடவை ஏறியது. வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து பார்த்தார்கள். "கொக்கு, பறந்துடாதே" என்று ஒருவர் சொல்ல, பறந்தால் உன் தலை மேல்தான் வந்து உட்காருவேன் என்று துணிக்குள்ளிருந்தே பதில் போனது. எனக்கு இதில் ஒரு தனி லாபம். தோள் மூட்டுக்கு நான் சொல்லிக் கொடுத்த பயிற்சியை ஒரு நாளும் ஒழுங்காகச் செய்யாதவள், இப்போது ஒரு காலையில் நூறு தடவை முழங்கையைத் தூக்கினாள்.

மறுபடியும் கடலுக்குப் போனார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். முதல் வாரத்தில் ஒரு நாள் குளவி ஒன்று சுற்றி வர, கொக்கு அதை விரட்டக் கையை வீச, படகு வலதில் ஒரு வட்டம் அடித்தது. இன்னொரு நாள் தோள் வலியில் மஞ்சள் பாதிதான் எழுந்தது. ஆனால் வலை விசிறியில் போகவில்லை. ஒன்பதரைக்குக் கரையில் இருந்தார்கள். தோலில் புதுத் தடிப்பு வரவில்லை. வாரா வாரம் நான் விளக்கைப் பிடித்துக் காது மடலின் பின்புறம் வரை பார்த்தேன்.

ஒன்று மட்டும் குறை என்றாள் நாத்தனார். படகில் இப்போது வேலைப் பேச்சு மட்டும்தான் இருக்கிறதாம். வம்பு இல்லை, கிண்டல் இல்லை. முழங்கையால் மூக்கைச் சுருக்க முடியாது. சிவப்பு விளக்கும் மஞ்சள் விளக்கும் பார்த்துக்கொண்டு பேருந்து ஓட்டுகிற மாதிரி இருக்கிறது, முன்னால் நிற்பது அண்ணிதானா என்றே சில நேரம் சந்தேகமாக இருக்கிறது என்றாள். இதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. துணியை இறக்க நான் சம்மதிக்க மாட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

மூன்றாவது மாத முடிவில் பரிசோதனை. முதல் நாள் காலையிலிருந்து மறுநாள் காலை வரை சிறுநீரை ஒரு கேனில் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும். கொக்கு அதை ஒரு சொட்டு விடாமல் சேர்த்தாள். கேனைப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போனோம். பக்கத்து இருக்கைக்காரர் என்ன எண்ணெய் என்று விசாரித்தார். நல்லெண்ணெய் என்று கொக்கு சொல்லிவிட்டாள்.

முடிவு வர நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளும் கடலுக்குப் போனாள். டாக்டர் தாளை இரண்டு தடவை பார்த்தார். புரதம் பாதிக்கும் கீழே வந்திருந்தது. முழுதாக நிற்கவில்லை, நிற்க இன்னும் ஒரு வருடமோ கூடவோ ஆகலாம், இடையில் ஏறவும் ஏறலாம் என்றார். மாத்திரையில் ஒன்றைக் குறைத்தார். பிறகு அவளுடைய உடுப்பைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். கொக்கு பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை ஜன்னலில் பிடித்துப் பார்த்தார், கையை உள்ளே விட்டுப் பார்த்தார், முழங்கைப் பட்டைகளைத் தடவி இது எதற்கு என்று கேட்டார். கொக்கு விளக்கினாள்.

"சரி, போங்க" என்றார். "பத்து மணி பத்து மணிதான். அதுல மாத்தம் இல்ல."

வெளியே வந்ததும் அவள் அழவில்லை, என் கையைப் பிடிக்கவில்லை. நாளைக்கு அலை எப்படி இருக்குமோ என்றாள்.

அதோடு என் வேலையும் முடிந்தது. கடைசி நாள் மாத்திரை அட்டவணையைக் கணவரிடம் ஒப்படைக்கப் போனேன். அவர் அதைப் பட்டறைச் சட்டையின் மூன்றாவது பையிலோ நாலாவது பையிலோ போட்டுக்கொண்டார். வாசலில் நாத்தனார் வந்து நின்றாள், தொப்பி தோளில் தொங்கியது, உப்பு காய்ந்த முகம். ஏதோ நல்ல செய்தி கொண்டுவந்தவள் மாதிரி இருந்தாள்.

காலையில் வலை இழுக்கும்போது பெரிய மீன் ஒன்று கண்ணியைக் கிழித்துக்கொண்டு போகப் பார்த்ததாம். நாத்தனார் அதைப் பார்க்கும் ஆசையில் இன்ஜினைக் கவனிக்கவில்லை. படகு சற்றே பக்கவாட்டில் போனது. அப்போது கொக்கின் முதுகு ஒரு மாதிரி ஆடியதாம். சிவப்பும் எழவில்லை, மஞ்சளும் எழவில்லை. தோள் ஒரு சிலிர்ப்பு, கழுத்து ஒரு வெட்டு. அவ்வளவுதான். நாத்தனார் சட்டென்று படகை நேராக்கிவிட்டாள்.

"நாங்க பேசி வச்சதுல அது இல்லவே இல்ல, சிஸ்டரம்மா" என்றாள். "ஆனா எனக்குப் புரிஞ்சுது. என்னைத் திட்டினாங்க. அசிங்கமா திட்டினாங்க."

உள்ளே கொக்கு உடுப்பைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள். என்ன திட்டினாய் என்று கேட்டேன். அதையெல்லாம் வெளியே சொல்ல முடியாது என்றாள். நாத்தனார் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டு, நாளைக்கு வலையை இன்னும் கொஞ்சம் தெற்கே போடலாமா, அண்ணி என்று கேட்டாள். போடலாம் என்று அலசியபடியே சொன்னாள் கொக்கு. நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.